பனியில் நாலு பேர், ரெண்டு நொடி ஒலிம்பிக்

குளிர்கால விளையாட்டுப் போட்டி ஒன்றுக்கு டிக்கெட் வாங்கிப் போகிறவர்களிடம் யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒரு ரகசியம் உண்டு. அங்கே போனால் பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது!

இது விளையாட்டின் மேல் சொல்லும் குறை இல்லை. பாப்ஸ்லெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து வளைந்து இறங்கும் பனிக்கட்டிப் பாதை. வண்டி மணிக்கு 120, 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும். ஒரு வளைவின் ஓரம் நிற்பவருக்கு முதலில் ஒரு உறுமல் கேட்கும், அடுத்து ஏதோ ஒரு நிறம் கண்ணைத் தாண்டும், அவ்வளவுதான். தலையைத் திருப்புவதற்குள் வண்டி கீழே போயிருக்கும். (படம் எடுக்கப் பார்த்தவரின் கேமராவில் வெறும் பனிச்சுவர்தான் மிஞ்சும்.) டவுன்ஹில் பனிச்சறுக்கிலும் அதே கதை. மலைச்சரிவில் ஏதோ ஒரு மூலையில் நின்றால் ஒவ்வொரு வீரரும் ரெண்டு மூணு நொடி தெரிவார். நெடுந்தூரப் பனிச்சறுக்கு இன்னும் மோசம். மரங்களுக்கு நடுவிலிருந்து வருவார்கள், மரங்களுக்கு நடுவே மறைந்துபோவார்கள். யார் முன்னால் போகிறார், எத்தனை நொடி வித்தியாசம் என்பதெல்லாம் வீட்டில் போர்வைக்குள் உட்கார்ந்து டிவி பார்ப்பவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

கிரிக்கெட் மைதானத்தில் மூலை சீட் கிடைத்தாலும் பிட்ச் கண்ணுக்குத் தெரியும். இங்கே அதுகூடக் கிடையாது. அப்படியிருந்தும் மைனஸ் பத்து, மைனஸ் பதினைந்து டிகிரி குளிரில் மணிக்கணக்காக நிற்க ஏன் இவ்வளவு பேர் போகிறார்கள்?

கணக்குப் போட்டால் பதில் தன்னால் வந்துவிடும். ஐந்து மணி நேரம் வெளியே நிற்கிறார் ஒருவர். அதில் விளையாட்டைக் கண்ணால் பார்க்கும் நேரம் எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் தேறினால் அதிகம். மீதி நேரம் முழுக்கக் காத்திருப்புதான். காலை மாற்றி மாற்றி நிற்பது, ஃபிளாஸ்க்கில் இருக்கும் சூடானதைப் பகிர்ந்துகொள்வது, பக்கத்தில் வேறு நாட்டுக் கொடியோடு நிற்கும் கும்பலிடம் வம்பு வளர்ப்பது, போன் பேட்டரி குளிரில் செத்துப்போனதற்குப் புலம்புவது, "அடுத்து யார் வர்றாங்க?" என்று நூறு முறை கேட்பது. இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியாது. அதனால்தான் இந்தப் போட்டிகளுக்கு மூணு பேர், நாலு பேர், ஒரு வேன் நிறைய என்று கூட்டமாகப் போகிறார்கள். தனியாக வந்து நிற்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ஆக, டிக்கெட் விற்பவர்கள் விற்பது ரெண்டு நொடிக் காட்சியை. வாங்குபவர்கள் வாங்குவதோ, நண்பர்களோடு ஒரு நாள் முழுக்கக் காத்துக்கிடப்பதை. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்த ஊர்களில் போட்டி திருவிழாவாக ஆகிறது. புரியாத இடங்களில் அது ஒரு டிவி நிகழ்ச்சியோடு நின்றுபோகிறது. குளிர்கால ஒலிம்பிக் இப்போது இரண்டாவது பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது.

முதல் வகைக்கு உதாரணம் வேண்டுமென்றால் 1994-க்குப் போக வேண்டும். நார்வேயில் லில்லெஹாமர் என்ற ஊர். மக்கள்தொகை சுமார் 25,000. அங்கே பிப்ரவரி 12 முதல் 27 வரை குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. எல்லாப் போட்டிகளும் அந்த ஊருக்குள்ளேயே நடந்தன என்று நினைக்க வேண்டாம். ஸ்பீட் ஸ்கேட்டிங் தெற்கே ஹாமர் நகரத்தில், கவிழ்த்துப் போட்ட வைக்கிங் கப்பல் மாதிரி கட்டிய அரங்கத்தில். ஐஸ் ஹாக்கியில் ஒரு பகுதி யோவிக் நகரத்தில், மலையைக் குடைந்து உள்ளே கட்டிய அரங்கத்தில். டவுன்ஹில் வடக்கே க்விட்ஃபியெல் மலையில். ஆனாலும் லில்லெஹாமரை நடுவில் வைத்துப் பார்த்தால் எந்த இடமும் அறுபது கிலோமீட்டர் சுற்றளவைப் பெரிதாகத் தாண்டவில்லை. ஒரே பள்ளத்தாக்கு, ஒரே ஏரிக்கரை. காலையில் ஒருவர் ஹாமருக்குப் போய் யோஹான் ஒலாவ் கோஸ் உலக சாதனை படைப்பதைப் பார்க்கலாம் (அந்த ஒலிம்பிக்கில் அவருக்கு மூன்று தங்கம், மூன்றிலும் உலக சாதனை). இன்னொருவர் மலைக்குப் போகலாம். சாயங்காலம் எல்லோரும் லில்லெஹாமரின் கடைத்தெருவான ஸ்டோர்காட்டாவில் சந்தித்து, யார் பார்த்தது பெரிசு என்று சண்டை போடலாம்.

அந்த ஒலிம்பிக்கில் மறக்க முடியாத நாள் பிப்ரவரி 22. ஆண்கள் 4x10 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ரிலே. நார்வேக்காரர்களுக்கு அது வெறும் ஒரு போட்டி கிடையாது, குலதெய்வக் கோயில் தேர் மாதிரி. அரங்கத்திலும் காட்டுப் பாதை நெடுகிலும் சேர்த்து ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள் என்கிறார்கள். முந்தைய இரவே பனிக்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கியவர்களும் உண்டு. நார்வே அணியில் வேகார்ட் உல்வாங், தோமஸ் அல்ஸ்கார்ட், கடைசியாக ஓட பியோர்ன் டேலி என்று பெரிய பெரிய பெயர்கள். எதிரே இத்தாலி. அதன் முதல் ஆள் மௌரீலியோ டி சோல்ட், வயது 43. அந்த வயதில் எதற்கு என்று சிரித்திருப்பார்கள். மனிதர் முதல் பத்து கிலோமீட்டரில் நார்வேயை விட்டு அதிகம் பின்தங்காமல் ஒட்டிக்கொண்டே வந்து அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டார். கடைசிச் சுற்றில் டேலியும் இத்தாலியின் சில்வியோ ஃபௌனரும் ஒன்றாகவே அரங்கத்துக்குள் நுழைந்தார்கள். ஒரு மணி 41 நிமிடம் ஓடிய பிறகு வித்தியாசம் வெறும் 0.4 நொடி. ஜெயித்தது இத்தாலி!

அந்த ஒரு கணம் லட்சம் பேரும் வாயடைத்துப்போனதை இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், காட்டுக்குள் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த முடிவைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் அவர்கள் எல்லோரும் "அங்கே இருந்தவர்கள்". தோற்ற கதையைச் சொல்லும்போது கூடவே நின்ற ஒரு நண்பன் சாட்சிக்கு இருக்கிறான் இல்லையா, அதுதான் விஷயம்.

இப்போது 2026-க்கு வருவோம். மிலான்-கோர்த்தினா ஒலிம்பிக், பிப்ரவரி 6 முதல் 22 வரை, வட இத்தாலியில். மொத்தப் பரப்பளவு சுமார் 22,000 சதுர கிலோமீட்டர் என்று அமைப்பாளர்களே சொன்னார்கள். ஐஸ் ஹாக்கி, ஃபிகர் ஸ்கேட்டிங், ஸ்பீட் ஸ்கேட்டிங் எல்லாம் மிலான் நகரத்தில். பெண்கள் ஆல்பைன் பனிச்சறுக்கு, கர்லிங், பாப்ஸ்லெட் கோர்த்தினாவில். ஆண்கள் ஆல்பைன் போர்மியோவில். ஸ்னோபோர்டு லிவின்யோவில். பயத்லான் ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய அன்டர்செல்வாவில். ஸ்கி ஜம்பிங்கும் நெடுந்தூரப் பனிச்சறுக்கும் ஃபியெம்மே பள்ளத்தாக்கில். நிறைவு விழா வெரோனாவின் ரோமானியர் காலத்து அரங்கத்தில். ஒலிம்பிக் ஜோதிகூட ரெண்டு ஊரில் எரிந்தது.

மியூனிக்கில் படிக்கும் நாலு நண்பர்கள் ஒரு வாரம் லீவு போட்டுக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்கு ஹாக்கிப் பைத்தியம். ஒருத்திக்கு ஃபிகர் ஸ்கேட்டிங். இன்னொருத்திக்கு பயத்லான். நாலாமவன் ஸ்னோபோர்டு பார்க்காமல் திரும்ப மாட்டான். 1994-இல் இந்த நாலு பேரும் ஒரே அறையில் தங்கி ஒரே வாரத்தை அனுபவித்திருக்கலாம் (ஸ்னோபோர்டு ஆளைத் தவிர. அது ஒலிம்பிக்கில் நுழைந்ததே 1998-இல்தான்!). 2026-இல்? மிலானிலிருந்து கோர்த்தினாவுக்குச் சாலை வழியாகச் சுமார் 400 கிலோமீட்டர். லிவின்யோவுக்கு மலைப்பாதையில் நாலு மணி நேரம். அன்டர்செல்வா வேறொரு திசையில் வேறொரு மூலையில். ஆகவே அந்த நாலு பேருக்கும் ரெண்டே வழிதான். ஒன்று, எல்லோரும் ஒருவனுடைய ஆசைக்குத் தலையாட்டி ஒரே ஊரில் தங்கிவிடுவது. இல்லையென்றால் பிரிந்துபோய் வாட்ஸப்பில் படம் அனுப்பிக்கொள்வது. ரெண்டாவதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே!

கோர்த்தினா விஷயத்தில் வயிற்றெரிச்சலாக இன்னொன்றும் உண்டு. அந்த ஊர் 1956-லேயே குளிர்கால ஒலிம்பிக் நடத்தியது. அப்போது மலைகளுக்கு நடுவே ஊருக்குள்ளேயே வந்து நிற்கும் ஒரு ரயில் இருந்தது. 1964-இல் அதை மூடிவிட்டார்கள். எழுபது வருடம் கழித்து ஒலிம்பிக் திரும்பி வந்தபோது, கோர்த்தினாவுக்கு ரயிலில் வர நினைத்தவர்கள் கீழே ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. பத்து கோடி யூரோவுக்கு மேல் செலவழித்துப் புதிதாக ஒரு பாப்ஸ்லெட் பாதை கட்ட மட்டும் பணம் இருந்தது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே "பக்கத்து நாட்டில் இருக்கும் பாதையைப் பயன்படுத்துங்கள், புதிதாகக் கட்ட வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தது. கேட்கவில்லை.

சரி, அமைப்பாளர்களை மட்டும் திட்டினால் நியாயமாகாது. இப்படிச் சிதறடித்ததற்குப் பின்னால் ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. 2014 சோச்சியை நினைத்துப் பாருங்கள். அங்கே எல்லாம் கிட்டக் கிட்டவே இருந்தன. கடற்கரையில் அரங்கங்கள், கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் தூரத்தில் மலை, நடுவே புத்தம்புது ரயில் பாதையும் சாலையும். நண்பர்கள் கூட்டத்துக்கு அதைவிட வசதி கிடையாது. ஆனால் அந்த வசதிக்காகக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தரையிலிருந்து கட்டினார்கள். மொத்தச் செலவு 5,000 கோடி டாலருக்கு மேல் என்று பேசப்பட்டது. அந்த எண்ணைப் பார்த்த ஊர்கள் எல்லாம் பயந்து ஓடின. 2022 போட்டிக்கான பந்தயத்திலிருந்து ஆஸ்லோ 2014 அக்டோபரில் விலகியது. ஒலிம்பிக் பெரிய மனிதர்களுக்கு என்னென்ன உபசாரம் செய்ய வேண்டும், ராஜாவோடு விருந்து உட்பட, என்ற பட்டியல் நார்வே பத்திரிகையில் வெளியானதும் ஜனங்கள் கொதித்துப்போனார்கள். லட்சம் பேர் காட்டில் போய் நின்ற அதே நாடுதான் "வேண்டாம் சாமி" என்று கும்பிடு போட்டது. கடைசியில் மிச்சம் இருந்தது பெய்ஜிங்கும் அல்மாட்டியும் மட்டும். பெய்ஜிங் 2022 கிட்டத்தட்ட முழுக்கச் செயற்கைப் பனியில் நடந்தது. கொரோனா காரணமாகப் பொதுமக்களுக்கு டிக்கெட்டே விற்கவில்லை. 2026-க்கும் இன்ஸ்ப்ரூக், சியோன், கால்கரி என்று வரிசையாக வாக்கெடுப்பு நடத்தி மக்கள் வேண்டாம் என்றார்கள்.

இந்த நிலையில் "ஏற்கெனவே இருக்கும் அரங்கங்களையே பயன்படுத்துவோம், அவை எங்கே இருந்தாலும் சரி" என்ற முடிவுக்கு வந்தது தப்பே இல்லை. காட்டை அழிக்காமல், காலியாகக் கிடக்கப்போகும் அரங்கம் கட்டாமல் இருப்பது நல்லதுதான். ஃபியெம்மேயும் அன்டர்செல்வாவும் வருடா வருடம் உலகக் கோப்பை நடக்கும் இடங்கள், அங்கே புதிதாக ஒன்றைக் கட்டியா ஆக வேண்டும்? ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. கட்டடத்துக்குச் செலவு எழுதியவர்கள், பார்க்க வருபவன் ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும் நாலு மணி நேரத்தை எழுதவில்லை. அவன் பஸ்ஸிலும் காரிலும் விடும் புகையைக்கூட எழுதவில்லை. ஒலிம்பிக் என்ற பெயர் ஒன்றுதான், ஆனால் தரையில் நடந்தது ஆறு ஏழு தனித்தனி உலகக் கோப்பைகள். இது 2026-இல் தொடங்கிய வழக்கமும் இல்லை. 1992 ஆல்பர்வில்லில் மொத்தம் 57 போட்டிகளில் 18 மட்டுமே ஆல்பர்வில்லுக்குள் நடந்தன. 2030-இல் மறுபடியும் பிரெஞ்சு ஆல்ப்ஸ். இந்த முறை ஒரு நுனி ஜெனீவா பக்கத்தில், மறு நுனி மத்தியதரைக் கடலோரம் நீஸ் நகரத்தில். ஸ்பீட் ஸ்கேட்டிங்கை நாட்டுக்கு வெளியே நடத்துவது என்றும் திட்டம். திருவிழாவை இழுத்து இழுத்துத் தேர் ஒரு ஊரிலும் வடம் இன்னொரு ஊரிலும் இருக்கிற கதைதான்.

சிக்கனமும் வேண்டும், கூட்டமும் ஒரே இடத்தில் கூட வேண்டும் என்றால் ஒரே வழி, முன்பே நடத்திய ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போவது. சால்ட் லேக் சிட்டி அதைத்தான் செய்யப்போகிறது. 2002-இல் கட்டிய அரங்கங்கள் இன்னும் பயன்பாட்டில் இருக்கின்றன, 2034-இல் அவற்றிலேயே போட்டி, எல்லாம் வீரர்கள் தங்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள். லில்லெஹாமரும் 2016-இல் இளையோர் குளிர்கால ஒலிம்பிக்கை 1994 அரங்கங்களை வைத்தே நடத்திக் காட்டியது. பூமி சூடாகிப் பனி நம்பகமில்லாமல் போவதால், குறிப்பிட்ட சில ஊர்களுக்குள்ளேயே சுற்றி வரலாமா என்று ஒலிம்பிக் கமிட்டியும் 2022 கடைசியிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறது. "புது நாடுகளுக்கு வாய்ப்பு போய்விடுமே" என்று ஒரு ஆட்சேபம் வரும். நியாயமான ஆட்சேபம். ஆனால் ஒரு தடவை நடத்திவிட்டு அரங்கத்தைப் புல் முளைக்க விடுவதற்குப் பெயர் வாய்ப்பா?

அதுவரை அந்த நாலு நண்பர்கள் என்ன செய்வது? ஒலிம்பிக்கை விட்டுவிட்டு வேறு எங்காவது போகலாம். உண்மையில் பனிச்சறுக்கு தெரிந்தவர்கள் பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தில் வெங்கென் என்று ஒரு மலைக்கிராமம். கார் போகாது. லௌட்டர்ப்ரூனனிலிருந்து பல்சக்கர ரயிலில் ஏறித்தான் போக வேண்டும். ஜனவரி வந்தால் அங்கே லௌபர்ஹோர்ன் டவுன்ஹில் பந்தயம். 1930-இலிருந்து நடக்கிறது. உலகக் கோப்பைப் பாதைகளிலேயே மிக நீளமானது, நாலரை கிலோமீட்டருக்குக் கிட்டே. வீரர்களுக்கு ரெண்டரை நிமிடம் தொடை நடுங்கும். 2013-இல் ஃபிரான்ஸின் யோஹான் கிளாரே அங்கேதான் மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். சரிவில் ஹுண்ட்ஷோப் என்று ஒரு பாறை முகடு. அங்கிருந்து வீரர்கள் கிட்டத்தட்டக் கீழே விழுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். அந்த ஓரத்தில் நின்றால், முன்பே சொன்ன மாதிரி, ஒவ்வொருவரும் ரெண்டு நொடிதான். ஆனால் எதிரே ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூன்று சிகரமும் நிற்கும். கையில் மாட்டு மணி. சுற்றிலும் கும்பல் கும்பலாக நண்பர்கள். ஒரே ரயில், ஒரே மலை என்பதால் தொலைந்துபோகவும் வழியில்லை. சில வருடம் வானிலை காலை வாரிவிடும், 2017-இல் டவுன்ஹில் ரத்தே ஆகிவிட்டது. அதற்கும் சேர்த்துத்தான் போகிறார்கள்.

அங்கே போவது செலவு அதிகம் என்றால் (சுவிட்சர்லாந்தில் ஒரு காபி விலையைக் கேட்டாலே மாணவர்களுக்குக் காய்ச்சல் வரும்!) ஆஸ்லோ இருக்கிறது. ஒலிம்பிக் வேண்டாம் என்று சொன்ன அதே ஆஸ்லோ. மார்ச் மாதம் ஹோல்மென்கொல்லன் பனிச்சறுக்கு விழா, 1892-இலிருந்து நடக்கிறது. நகரத்தின் மெட்ரோ ரயில், ஒன்றாம் நம்பர் லைன், நேரே மலைக்கு ஏறிப் போகும். கடைசி ஸ்டேஷன் ஃபிரொங்னர்செட்டரன். இறங்கினால் காடு. அரங்கத்துக்குத்தான் டிக்கெட், காட்டுக்கு இல்லை. 50 கிலோமீட்டர் பந்தயத்தன்று அந்த மரங்களுக்கு நடுவே கூடாரம் அடித்து, தீ மூட்டி, சாசேஜ் சுட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தயம் சுற்றுச் சுற்றாக நடப்பதால் ஒரே வீரர் திரும்பத் திரும்ப வருவார். முதல் சுற்றில் வந்தவரைக் கைதட்டி அனுப்பிவிட்டு, அடுத்த சுற்றில் அவர் வருவதற்குள் ஒரு சாசேஜ் சாப்பிட்டு முடிக்கலாம். 2023-இலிருந்து பெண்களுக்கும் அதே 50 கிலோமீட்டர், ஆகவே வார இறுதியில் ரெண்டு நாளும் தீ அணையாது.

காட்டுக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று மறுநாள் பேப்பரில் ஏதோ ஒரு எண் போடுவார்கள். அது குத்துமதிப்புதான். வாசலும் இல்லை, டிக்கெட் கிழிக்க ஆளும் இல்லை, யார் போய் எண்ணுவது?